மிச்சம் எவ்வளவு?

போன வருஷம் பள்ளி விடுமுறையில் நடந்த நம் இளைஞர் முகாமில் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். தலைப்பு ‘முடிவிலியும் நம் முன்னோரும்’. பையன் பொறியியல் படிக்கிறான், கணக்கு தெரிந்தவன், பேசட்டுமே என்று நினைத்திருப்பார்கள். நான் தயார் செய்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முந்தின நாள் ராத்திரி புலனத்தில் வந்து கிடந்த இரண்டு செய்திகள், ஒரு காணொளி. அவ்வளவுதான் மூலதனம்.

வெள்ளைப் பலகையில் பெரிசாக எழுதினேன்: 1 + 2 + 3 + 4 + … = −1/12. எல்லா எண்களையும் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வருகிறது. இதைக் கண்டு சொன்னவர் கும்பகோணத்து இராமானுஜன். அவருக்குக் கனவில் எடுத்துக் கொடுத்தவள் நாமகிரித் தாயார் என்றேன். பக்கத்திலேயே ஈசாவாசிய உபநிடதத்தின் பூரண மந்திரத்தை எடுத்து, ‘முடிவிலி கழித்தல் முடிவிலி சமம் முடிவிலி’ என்று நானே ஒரு விளக்கமும் எழுதினேன். கூடம் முழுக்கக் கைத்தட்டல். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரே குஷி.

கேள்வி நேரத்தில் படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கை எழுந்தாள். “அண்ணா, எல்லாமே ப்ளஸ் நம்பர்தானே? கூட்டக் கூட்டப் பெரிசாத்தானே போகும்? எப்படி மைனஸ் வரும்? முழு எண்ணா கூட்டிட்டுப் பின்னம் எங்கிருந்து வருது?”

எனக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம், நாலே எழுத்து. ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்களே! சிரித்துக்கொண்டே, “அதுதாம்மா தெய்வீகம். நம்ம சின்ன அறிவுக்கு எட்டாது” என்றேன். அதற்கும் கைத்தட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, நான் சொன்னதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதிக்கொண்டதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவள் வாதாடியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அடுத்த செமஸ்டரில் முடிவிலித் தொடர்கள் பாடமாகவே வந்து நின்றன. முதல் வாரமே விரிவுரையாளர் சொன்னது ஒன்றுதான்: முடிவில்லாத தொடருக்கு ‘சமம்’ போடுவதற்கு முன்னால் மிச்சத்தைக் காட்டு. அது என்ன மிச்சம்?

என் பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவர். ஆனால் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று கீழ்வாய்க் கணக்கை இன்னமும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. ஒரு ரொட்டி சானாயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அரை ரொட்டி சாப்பிடுகிறேன். பிறகு கால். பிறகு அரைக்கால். பிறகு வீசம். இப்படியே போனால் மொத்தம் எவ்வளவு சாப்பிடுவேன்? ஒரு ரொட்டி என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் ஏன்? நான் எந்த நேரத்திலும் முழு ரொட்டியைச் சாப்பிட்டு முடிக்கவில்லையே! தட்டில் எப்போதும் ஒரு துண்டு இருக்கிறது.

தட்டைப் பார்த்தால் பதில் இருக்கிறது. அரை சாப்பிட்டதும் மிச்சம் அரை. கால் சாப்பிட்டதும் மிச்சம் கால். வீசம் சாப்பிட்டதும் மிச்சம் வீசம். கடைசியாக எடுத்த துண்டு எவ்வளவோ அதே அளவு மிச்சம். நீங்கள் எவ்வளவு சின்ன அளவைச் சொன்னாலும் சரி, ஒரு கடுகளவு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எதுவாக இருந்தாலும் மிச்சம் அதற்கும் கீழே போகிற இடத்தை என்னால் காட்ட முடியும். அதற்கப்புறம் அது மறுபடி பெரிசாகாது. ‘கூட்டுத்தொகை 1’ என்று கணிதம் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். யாரும் கடைசி வரை போய்க் கூட்டிவிட்டு வந்து சொல்லவில்லை. கடைசி என்று ஒன்று கிடையாது. மிச்சத்துக்கு ஒருவன் பொறுப்பேற்றுக்கொள்கிறான், அதுதான் அந்தச் ‘சமம்’ குறி.

துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போனால் போதும், கூட்டுத்தொகை வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு தேர்வில் அதற்கான பலனையும் வாங்கினேன். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரைப் பாருங்கள். துண்டுகள் சின்னதாகித்தான் போகின்றன. கூட்டினால் 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் தேவை. 20ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேல். பார்க்கிறவனுக்கு எங்கோ நின்றுவிடும் போலத்தான் தெரியும். ஆனால் நிற்காது. பிரான்சில் நிக்கோல் ஓரெம் என்பவர் 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் காட்டிவிட்டார். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு சேர்ந்தால் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டு சேர்ந்தாலும் அரைக்கு மேல். அரை அரையாக எத்தனை தடவை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். இந்தத் தொடருக்கு மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் பதிலே இல்லை. ஆகவே ‘சமம்’ போட யாருக்கும் உரிமை இல்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம்ம ஊர்க்காரர்கள், அதாவது கேரளத்துக்காரர்கள், இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. (முகாமில் அவர்களை ‘நம் தமிழ் முன்னோர்’ கணக்கில் சேர்த்திருந்தேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.) திரூருக்குப் பக்கத்தில் திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி 1444இல் பிறந்தவர். ஆரியபட்டீயத்துக்கு அவர் எழுதிய உரையில் 1/4 + 1/16 + 1/64 + … என்ற தொடர் வருகிறது. ஒவ்வொன்றும் முன்னதில் நான்கில் ஒரு பங்கு. கூட்டினால் மூன்றில் ஒன்று. விடையைச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். அவரோ தன்னைத் தானே மடக்குகிற மாதிரி இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். இந்தத் தொகை மூன்றில் ஒன்றைத் தாண்டாது என்று உனக்கு எப்படித் தெரியும்? சரி, தாண்டாது, ஆனால் அதுவரைக்கும் நிச்சயமாக வளரும் என்று எப்படித் தெரியும்?

இந்த இரண்டு கேள்வியைப் படித்த அன்று நான் நூலகத்தில் கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் படிவம் நான்குத் தங்கை என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

அவர் தந்த விடையும் தட்டில் உள்ள மிச்சம்தான். மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றை எடுத்தால் மிச்சம் பன்னிரண்டில் ஒன்று. அது எடுத்த துண்டில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்து பதினாறில் ஒன்றை எடுத்தால் மிச்சம் நாற்பத்தெட்டில் ஒன்று. மறுபடியும் எடுத்த துண்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் அப்படியே. மிச்சம் எப்போதும் இருக்கிறது, ஆகவே தாண்டாது. மிச்சம் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றாகக் குறுகுகிறது, ஆகவே அதுவரைக்கும் வளரும். இரண்டு கேள்விக்கும் ஒரே கணக்கில் பதில்.

இப்போது என் வெள்ளைப் பலகைக்கு அதே இரண்டு கேள்வியைக் கொண்டு போங்கள். 1 + 2 + 3 + 4 + … தொகை −1/12ஐத் தாண்டாதா? முதல் எண்ணிலேயே தாண்டிவிட்டது. அதை நோக்கிப் போகிறதா? ஒவ்வொரு அடியிலும் தூரம்தான் கூடுகிறது. கூட்டுத்தொகை என்ற சொல்லுக்கு நாம் அன்றாடம் கொள்ளும் பொருளில் அந்தச் சமன்பாடு தவறு. அவள் கேட்டது சரி, நான் சொன்னது தப்பு. அங்கே தெய்வீகம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் இராமானுஜன் தப்பாக எழுதினாரா? இல்லை. அவர் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், இது தன்னுடைய கோட்பாட்டின்படி வரும் மதிப்பு என்று நிபந்தனை போட்டுத்தான் எழுதினார். இதை அப்படியே சொன்னால் எனக்குப் பைத்தியக்கார விடுதியைத்தான் காட்டுவீர்கள் என்கிற மாதிரி வேடிக்கையாகவும் ஒரு வரி சேர்த்தார். அதாவது அந்தத் தங்கைக்கு வந்த சந்தேகம் படிப்பவருக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். ரீமன் 1859இல் ஆராய்ந்த சீட்டா சார்பு என்று ஒன்று உண்டு. தொடருக்குக் கூட்டுத்தொகை இருக்கும் இடங்களில் அது அந்தத் தொகையையே தரும். தொகை இல்லாத இடங்களுக்கு அதை வேறொரு விதியால் நீட்டிக்கொண்டு போகலாம். அப்படி நீட்டிய இடத்தில் கிடைக்கும் மதிப்புதான் −1/12. ஆழமான விஷயம், இயற்பியலிலும் பயன்படுகிறது. ஆனால் அது ‘கூட்டினால் வருவது’ அல்ல. இராமானுஜன் வைத்த நிபந்தனையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விடையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து கைத்தட்டல் வாங்கியவன் நான். அவர் பெயரைச் சொல்லியே அவர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உள்ளதில்லை என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். இத்தாலியின் பைசா நகரில் குய்தோ கிராந்தி என்று ஒரு துறவி, கணிதப் பேராசிரியர். 1703இல் அவர் 1 − 1 + 1 − 1 + … என்ற தொடரைப் பற்றி எழுதினார். இரண்டிரண்டாகச் சேர்த்தால் எல்லாம் சைபர். வேறு வழியில் கணக்குப் போட்டால் அரை. ஆக, சைபர்களைக் கூட்டினால் அரை வருகிறது, இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தது சாத்தியமே என்பது அவர் வாதம். நான் முகாமில் செய்ததும் அவர் செய்ததும் ஒரே வேலை. மதம் வேறு, காலம் வேறு, ஆசை ஒன்றுதான். ஆனால் அவரிடம் ஒரு நல்ல உவமையும் இருந்தது. தகப்பன் விட்டுச் சென்ற ஒரு மாணிக்கத்தை விற்கக் கூடாது. அண்ணன் ஒரு வருஷம், தம்பி ஒரு வருஷம் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்குப் பாதி சொந்தம் என்கிறோம் அல்லவா? உண்மைதான். அந்த ‘அரை’ சராசரி. சராசரி என்று சொன்னால் சண்டையே இல்லை. கூட்டுத்தொகை என்று சொல்லும்போதுதான் கேள்வி வருகிறது.

பூரண மந்திரத்துக்கும் இதே கதி. கணிதத்தில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் இன்னதுதான் வரும் என்று சொல்ல முடியாது. 1, 2, 3 என்று போகும் எண்களிலிருந்து இரட்டை எண்களை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் முடிவில்லாதது. 3க்கு மேலுள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் மூன்று எண்கள். இரண்டு முறையும் எடுத்தது முடிவில்லாத அளவுதான். அந்த மந்திரம் நிறைவைப் பற்றிப் பேசுகிறது. அதைத் தினமும் சொல்கிறவர்களுக்கு அதன் பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குக் கால்குலேட்டரிடம் போய் சான்றிதழ் வாங்கித் தர நான் யார்?

இதையெல்லாம் மாமாக் கடையில் உட்கார்ந்து என் நண்பனிடம் சொன்னேன். அவனும் முகாமில் இருந்தவன். அவன் சொன்னது: “விடுடா. யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைங்க நம்ம சமயத்தைப் பத்திப் பெருமையா நினைச்சிட்டுப் போனாங்க. வள்ளுவரே நல்லது நடக்கும்னா பொய் சொல்லலாம்னு சொல்லியிருக்காரு.”

வள்ளுவர் சொன்னது உண்மைதான், அதுவும் வாய்மை அதிகாரத்திலேயே. ஆனால் அவர் சும்மா நன்மை என்று சொல்லவில்லை. ஒரு குற்றமும் ஒட்டாத நன்மை தந்தால் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார். இராமானுஜனின் நிபந்தனையை நான் விட்ட மாதிரியே நண்பன் வள்ளுவரின் நிபந்தனையை விட்டுவிட்டான்! குற்றமே ஒட்டாத நன்மை என் பேச்சில் என்ன விளைந்தது? அறுபது பேருக்கு ஒரு பெருமை கிடைத்தது, சரி. கேட்கத் தெரிந்த ஒரே ஒருத்திக்குக் கேட்காதே என்று பாடம் கிடைத்தது. சமயத்தின் பெயரால் ஒருவர் வாயை அடைத்துவிட்டு அதைச் சமயத் தொண்டு என்று எழுதிக்கொள்ள முடியுமா? நண்பன் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே, “நீ ரொம்ப யோசிக்கிறே லா” என்றான். இருக்கலாம். ஆனால் அவனிடம் பதில் இல்லை என்பதையும் கவனித்தேன்.

பெருமைப்படவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெருமைப்பட உண்மையிலேயே விஷயம் இருக்கிறது, அதைத்தான் நாம் படிப்பதில்லை. முன்னோருக்கு மாலை போடுகிறோம், அவர்கள் எழுதியதைத் திறந்து பார்ப்பதில்லை.

14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் என்று ஒருவர் இருந்தார். அந்த ஊர் இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்று பலர் கருதுகிறார்கள். தொடர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. 1530ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷா’ இந்தக் கணிதத்தை நிறுவல்களோடு விளக்குகிறது, அதுவும் சமஸ்கிருதத்தில் இல்லை, மலையாளத்தில். மாதவருடைய தொடர் இது: 1 − 1/3 + 1/5 − 1/7 + 1/9 − … இதை நான்கால் பெருக்கினால் பை, அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண். ஐரோப்பாவில் இதே தொடரை லைப்னிட்ஸ் 1670களில் கண்டார். கேரளத்து வேலையைப் பற்றி 1834இல் சார்ல்ஸ் விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிய பிறகும் வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. நம்மிடமிருந்துதான் அங்கே போனது என்று சிலர் மேடையில் அடித்துச் சொல்வார்கள். அதற்கு நேரடிச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. முதலில் கண்டார்கள் என்பது உண்மை, அது போதாதா?

என்னைக் கேட்டால் முதலில் கண்டதைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்கிறது. இந்தத் தொடர் மகா சோம்பேறி. ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.33968. பையோ 3.14159. ஐம்பது உறுப்பு கூட்டினாலும் 3.12159தான் வரும், இரண்டாவது தசம இடத்திலேயே தப்பு. வெறும் புகழுக்குக் கணக்குப் போடுகிறவராக இருந்தால், முடிவில்லாமல் கூட்டினால் பை வரும் என்று சொல்லிவிட்டு மாதவர் போயிருக்கலாம். யாரால் சரிபார்க்க முடியும்? அவர்களோ, எங்கே நிறுத்துகிறாயோ அங்கே மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, அதற்கு ஒரு திருத்தம் கண்டுபிடித்தார்கள். 9இல் நிறுத்துகிறாயா? அடுத்த இரட்டை எண் 10. அதில் பாதி 5. 10இன் வர்க்கம் 100, ஒன்றைச் சேர்த்தால் 101. மிச்சம் ஏறக்குறைய 5/101. நான்கால் பெருக்கினால் 0.19802. அதை 3.33968இலிருந்து கழியுங்கள்: 3.14166. வெறுமனே கூட்டிக்கொண்டே போய் இந்த அளவு நெருங்க ஏறக்குறைய 14,000 உறுப்புகள் தேவைப்படும். ஐந்து உறுப்பிலேயே முடிந்துவிட்டது! இதைவிட நுணுக்கமான இன்னொரு திருத்தமும் இருக்கிறது. ஐம்பது உறுப்போடு அதைச் சேர்த்தால் பதினொரு தசம இடங்கள் சரியாக வருகின்றன. நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.

இந்தத் திருத்தம் சரியா என்று அவர்கள் சோதித்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தில் நிறுத்தித் திருத்தினாலும், ஆறில் நிறுத்தித் திருத்தினாலும் ஒரே விடை வர வேண்டும். நிறுத்தும் இடத்துக்குத் தகுந்த மாதிரி விடை மாறினால் திருத்தத்தில் கோளாறு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மேலும் மேலும் குறைக்கிற திருத்தத்தைத் தேடிப் போனார்கள்.

நீலகண்டர் இன்னொன்றும் சொல்கிறார். விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும். சுற்றளவை மிச்சமில்லாமல் அளக்கும் கோலை எடுத்தால் விட்டத்தில் மிச்சம் விழும். எவ்வளவு தூரம் போனாலும் மிச்சத்தைச் சிறிதாக்கலாமே தவிர இல்லாமல் ஆக்க முடியாது. இதை லாம்பர்ட் முறையாக நிறுவியது 1760களில். நீலகண்டர் அந்த நிறுவலைத் தரவில்லை, ஆனால் தன் விடை கிட்டத்தட்டதான் என்பதை மறைக்காமல் எழுதி வைத்தார்.

பொறியியல் படிக்கிற எனக்கு இது ஏதோ ஏட்டுச் சமாச்சாரமாகத் தெரியவில்லை. பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 0.1, சுலபம். கணினிக்கு அப்படி இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பாட்டியின் வாய்ப்பாடுதான்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். பத்தில் ஒன்றைச் சொல்ல அது ஒரு வீசம், ஓர் அரைவீசம், பிறகு 1/256, 1/512 என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். 1991 வளைகுடாப் போரில் சவுதியின் தஹ்ரான் நகரில் ஓர் ஏவுகணைத் தடுப்புக் கருவி பத்தில் ஒரு விநாடியாக நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அந்தத் தொடரை 24 இடங்களில் வெட்டியிருந்தார்கள். ஒரு எண்ணிக்கைக்கு விழுந்த மிச்சம் ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. கருவி 100 மணி நேரம் நிற்காமல் ஓடியதில் அது சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு விநாடியாகிவிட்டது. பாய்ந்து வரும் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். பிப்ரவரி 25ஆம் தேதி வந்த ஏவுகணையைக் கருவி தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்தப்பட்ட நிரல் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

அதை வகுப்பில் கேட்ட அன்று சாயங்காலமே முடிவு செய்தேன், போய் அந்தத் தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று. இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவளைக் கூப்பிட்டு, “அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. எனக்குப் பதில் தெரியல, அதனாலதான் அப்படிச் சொன்னேன்” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “தெரியும்ணா,” என்றாள். “ஸ்கூல்ல டீச்சர்கிட்ட போய் அதைச் சொன்னேன். யார் சொன்னாங்கன்னு கேட்டாங்க. கேம்ப்ல ஒரு அண்ணா, யுனிவர்சிட்டில படிக்கிறாரு, அவர் சொன்னாருன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சிச்சு.”

என்ன சொல்வது? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மாமாக் கடையில் நண்பன் ‘யாருக்கு என்ன நஷ்டம்’ என்று கேட்டானே, அதற்கான பதில் என் எதிரில் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

பிறகு ஒரு பழைய திருவிழா அறிவிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு மாதவரின் தொடரை எழுதிக் காட்டினேன். ஐந்து உறுப்பு, 3.33968. திருத்தம், 3.14166. அவள் கால்குலேட்டரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஆறாவது உறுப்பைச் சேர்த்து அவளே போட்டாள். 11க்கு அடுத்த இரட்டை எண் 12, பாதி 6, வர்க்கம் 144, ஒன்று சேர்த்து 145. முதலில் 2.97605. இந்தத் தடவை திருத்தத்தைக் கழிக்கணுமா கூட்டணுமா என்று அவளே யோசித்துக் கூட்டினாள். 3.14156 வந்தது.

இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒன்னு கொஞ்சம் கூட இருக்கு, ஒன்னு கொஞ்சம் கொறைச்சலா இருக்கு. அப்போ உண்மையானது இதுக்கு நடுவுலதான் இருக்கணும், இல்லைண்ணா?”

அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.